கலரைக் குறைத்த பின்னேரம்

என் வயதுக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பழைய ரீவிப் பெட்டிகளில் கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னக் கதவு இருக்கும். நகத்தால் ஓரத்தை அமுக்கினால் திறந்து விழும். உள்ளே மூன்று சில்லுகள், பழைய இரண்டு சதக் காசின் விளிம்புபோல நெளிவு நெளிவாக இருக்கும். ஒன்றின் கீழ் சூரியன் கீறியிருக்கும், அது வெளிச்சம். ஒன்றின் கீழ் பாதி கறுத்த வட்டம். மற்றதன் கீழ் மூன்று புள்ளிகள், அது கலர். பெருவிரலால் உருட்ட வேண்டும்.

இப்போது திரையிலேயே எழுத்து வந்து எவ்வளவு வேண்டுமென்று கேட்கிறது. அதையும் செய்வேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பத்து ஊரில் பத்து வேலை பார்த்திருக்கிறேன். முகாமிலும் இருந்திருக்கிறேன், பிறர் வீட்டுக் குசினியிலும் நின்று சமைத்திருக்கிறேன். எங்கே போனாலும் ரீவியில் மனித முகம் மனித முகமாகத் தெரியாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. வீட்டுக்காரரைக் கேட்காமலே எழுந்துபோய்த் திருத்திவிடுவேன். சிலர் கோபிப்பார்கள். அடுத்த நாள் பார்த்தால் நான் வைத்தபடியே வைத்திருப்பார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பன்னிரண்டு வயதில், உரும்பிராயில், நானாகக் கண்டுபிடித்தேன்.

எங்கள் ரீவி சவூதியிலிருந்து வந்தது. சித்தப்பா கொண்டுவந்து, இரண்டு மாதம் பார்த்துவிட்டு, திரும்பிப் போகும்போது எங்களிடம் விட்டுப்போனார். எங்கள் ஒழுங்கையில் அதுதான் முதல் கலர் ரீவி. முன்வீட்டில் கறுப்பு வெள்ளை ஒன்று இருந்தது. அதன் கண்ணாடிக்கு முன்னால் மூன்று நிறத்தில் ஒரு பிளாஸ்ரிக் தகடு கட்டியிருந்தார்கள். மேலே நீலம், நடுவில் செம்மஞ்சள், கீழே பச்சை. வானமும் கடற்கரையும் புல்லும் வருகிற படமென்றால் பொருந்தும். செய்தி வாசிக்கிறவர் வந்தால் நீலத் தலையும் பச்சை வயிறுமாக இருப்பார். அந்த வீட்டு அன்ரி அதையும் கலர் ரீவி என்றுதான் சொல்லுவார். மரியாதைக்காக நாங்களும் ஓம் என்போம்.

உண்மையில் எங்கள் வீட்டுக் கலரும் அதைவிடத் திறம் இல்லை. அம்மா கலர்ச் சில்லை முழுதாகக் கூட்டி வைத்திருந்தார்.

"கலர் ரீவி எண்டுதானே வாங்கினது. பிறகேன் கலரைக் குறைப்பான்?"

சித்தப்பா பாலைவன வெயிலில் காய்ந்து வாங்கிய கலரில் ஒரு சொட்டும் வீணாகக்கூடாது என்பது அவருடைய எண்ணம். அப்பா அதற்கு மறுவளமாக வெளிச்சச் சில்லை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்திருந்தார். வெளிச்சம் கூடினால் உள்ளே ரியூப் எரிந்துபோகும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டரை ஒருமுறை எரித்துவிட்டு, வாடிய பாத்திகளைப் பார்த்துக்கொண்டு நின்ற மனிதர் அவர். அந்தப் பயம் அவருக்கு நியாயமானதுதான். நடுச் சில்லு எதற்கென்று ஒருவருக்கும் தெரியாது. அதுவும் உச்சியிலேயே நின்றது.

ஆகவே எங்கள் வீட்டில் எல்லோரும் இருட்டுக்குள்ளிருந்து சிவப்பாக வந்தார்கள். பிள்ளைகள், கிழவர்கள், மந்திரிகள், எல்லோருக்கும் வெற்றிலை போட்ட வாய். கறுப்புத் தலைமயிர் பின்னாலிருக்கிற இருட்டோடு ஒட்டிப்போயிருக்கும். முகம் மட்டும் அடுப்புத் தணல்போல மிதக்கும். அம்மாவின் தமக்கை, எங்கள் பெரியம்மா, அடுத்த வளவில் இருந்தவர். பின்னேரங்களில் வந்து பார்ப்பார்.

"கொழும்பிலை எல்லாரும் நல்லாய் வெத்திலை போடுவினம் போலை," என்று ஒருநாள் சொன்னார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அது சந்திக்குச் சந்தி படை நின்ற காலம். பள்ளிக்கூடம் மாதத்தில் பாதி நாள் பூட்டு. அப்பாவும் அம்மாவும் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். அக்கா சங்கக்கடையில் வேலை. வீட்டில் நானும் ரீவியும். நிகழ்ச்சிகள் தொடங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் திரையில் எட்டு நிறப் பட்டைகள் நிற்கும், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கூடவே "கூ" என்று ஒரே ஒரு சத்தம். எல்லோரும் அந்த நேரத்தில் தேத்தண்ணீர் போடப் போவார்கள். நான் அதைத்தான் பார்த்தேன். வேறு எந்தப் படத்திலும் நிறம் என்னவாக இருக்க வேண்டுமென்று எனக்குத் தெரியாது. இதில் தெரியும். வெள்ளை வெள்ளையாகவும், மஞ்சள் மஞ்சளாகவும் இருக்க வேண்டும்.

ஒருநாள் சும்மா கலர்ச் சில்லைக் கீழே உருட்டினேன். நிறமெல்லாம் வடிந்துபோனது. பட்டைகள் சாம்பல் நிறப் படிக்கட்டாக மாறின. இடது கரையில் வெள்ளை, ஒவ்வொரு படியாக இருண்டு, வலது கரையில் கறுப்பு. ஆனால் எண்ணிப் பார்த்தால் எட்டுப் படி வரவில்லை. ஐந்துதான். கறுப்புப் பக்கத்தில் மூன்று படிகள் இருட்டுக்குள் மூழ்கிக் கிடந்தன.

அதுதான் எனக்குப் பிடித்த கணக்கு. வெளிச்சத்தை மெல்ல மெல்லக் கூட்டினால் மூழ்கிய படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அப்போது ஒட்டிக்கொண்ட வெள்ளைப் பக்கத்துப் படிகள் நடுச் சில்லைக் குறைத்தால் பிரிந்தன. எட்டும் தெரிந்த பிறகு கலரைக் கூட்ட வேண்டும். சிவப்பு தன் எல்லையைத் தாண்டிப் பக்கத்து நீலத்துக்குள் கசியத் தொடங்குமல்லவா, அதற்குச் சில்லில் ஒரு பல்லு முன்னம் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். பிறகு நிகழ்ச்சி தொடங்கும்போது பார்த்தேன். செய்தி வாசிக்கிற பெண்ணுக்குச் சாதாரண உதடு. நெற்றியில் தனித்தனி மயிர். அவருக்குப் பின்னால் ஒரு பூச்சாடி இருந்தது. அந்தப் பூச்சாடி அங்கே எத்தனை மாதமாக இருந்ததோ.

அப்பாவும் அம்மாவும் வரமுன்னம் சில்லுகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை மறந்துபோனேன். அம்மா கோயிலால் வந்து, நெற்றியில் திருநீறோடு ரீவியைப் போட்டார். கிட்டப் போய் உற்றுப் பார்த்தார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்.

"இஞ்சேருங்கோ. ரீவிக்குச் சோகை பிடிச்சிட்டுது."

அப்பாவும் வந்து பார்த்தார். நான்தான் செய்தேன் என்று சொன்னேன். யாரும் அதைக் காதில் போடவில்லை. பன்னிரண்டு வயதுப் பெட்டை ஒரு ரீவியைப் பழுதாக்கலாம் என்றுகூட அவர்கள் நம்பவில்லை. அடுத்த நாள் அப்பா அதைப் போர்வையில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டி, உருட்டிக்கொண்டே யாழ்ப்பாணத்துக்குப் போனார். திருத்துகிறவர் பெட்டியை உள்ளே எடுத்துக்கொண்டுபோய், ஒரு தேத்தண்ணீர் குடிக்கிற நேரம் வைத்திருந்துவிட்டுக் கொண்டுவந்தாராம். என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் எல்லோருக்கும் மறுபடியும் வெற்றிலை வாய்.

"நல்ல கைராசிக்காரன்," என்றார் அப்பா.

இனி அக்காவின் விசயம்.

அக்காவுக்கு இருபத்தேழு. எங்களுக்கிடையில் பிறந்தவர்கள் தங்கவில்லை. அவள் அதிகம் கதைக்கமாட்டாள். சங்கக்கடையில் சீனி நிறுக்கும்போது ஒரு கரண்டி கூடவும் போடாள், குறையவும் போடாள் என்று சனம் சொல்லும். இரண்டு சம்பந்தம் வந்து குழம்பியிருந்தது. முதலாவது சாதகம் பொருந்தவில்லை. இரண்டாவதில் மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்து எல்லோருக்கும் பிடித்தது. ஆள் நேரில் வந்தபோது அந்தப் படம் எடுத்துப் பத்து வருசம் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு அப்பா ஒரு தீர்மானம் எடுத்தார்.

"போட்டோவிலை ஸ்ரூடியோக்காரன் பூசி மெழுகிப்போடுவான். இனி வீடியோதான். வீடியோவிலை ஒருத்தரும் பொய் சொல்லேலாது."

மூன்றாவது சம்பந்தம் ஜேர்மனியில் இருக்கிற ஒருவர். தாய் கொடிகாமத்தில், தனிய. மகன் போய் ஐந்து வருசம். ஒரு கொம்பனியில் கணக்கு வேலை என்று தாய் சொன்னார். அப்பா வீடியோ வேண்டுமென்று கேட்டுவிட்டார். நான்கு மாதத்துக்குப் பிறகு அது கொழும்புவரை ஒருவர் கையிலும், கொடிகாமம்வரை இன்னொருவர் கையிலுமாக வந்து சேர்ந்தது. அந்த அம்மாவின் வீட்டில் ரீவியும் இல்லை, கரண்டும் இல்லை. ஐந்து வருசமாகப் பார்க்காத மகன் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருக்கிறான். அதைப் போட்டுப் பார்க்க வழியில்லாமல் பத்து நாள் அலுமாரிக்குள் வைத்திருந்துவிட்டு, எங்கள் வீட்டில்தான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறார்.

அன்று மத்தியானத்துக்குப் பிறகு வந்தார். ஒரு கையில் பலாப்பழத் துண்டு, மற்றக் கையில் சீலைத் துண்டில் சுற்றிய வீடியோக் கசற். வழியில் படைக்காரரின் சென்றியில் கசற்றை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார்களாம்.

"பழுதாகியிருக்காதுதானே தம்பி?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"குலுக்கினா ஒண்டும் செய்யாது அம்மா. இருங்கோ."

கதிரையில் இருக்கச் சொன்னால் அதன் விளிம்பில் இருந்தார். பெரியம்மா நல்ல சீலை உடுத்திக்கொண்டு வந்திருந்தார். வந்தவுடனேயே, ஆறு மணிக்கு ஊரடங்கு, நாலு மணி பஸ்ஸை விட்டால் போய்ச் சேரமாட்டீர்கள் என்று அந்த அம்மாவுக்கு ஞாபகப்படுத்தினார். அப்பா சந்திக் கடையில் வீடியோ டெக் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்து வைத்திருந்தார். அக்கா அறை வாசலில், திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள். அவளுடைய காற்பெருவிரல் இரண்டும் திரைக்குக் கீழே தெரிந்தன.

படம் ஓடத் தொடங்கியது. முதலில் நிலம் தெரிந்தது, பிறகு கூரை. எடுத்தவருக்குக் கமரா புதிசு. பிறகு மாப்பிள்ளை வந்தார். இருட்டுக்குள் ஒரு சிவப்பு முகம்.

கொடிகாமத்து அம்மா கதிரையை விட்டு இறங்கி, ரீவிக்கு முன்னால் நிலத்தில் போய் இருந்துகொண்டார்.

"அம்மா, நான் நல்ல சுகம்," என்றது முகம். குரல் கொஞ்சம் கரகரத்தது. "எல்லாரும் சுகமாய் இருப்பியள் எண்டு நினைக்கிறன். இதுதான் நான் வேலை செய்யிற இடம். வடிவாப் பாருங்கோ."

அவர் கையைப் பின்னால் நீட்டினார். கமரா மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. கன நேரம் சுற்றியது. எங்களுக்குக் கறுப்பைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஓரத்தில் மட்டும், சுவரில் தொங்கிய ஏதோவொன்றில் ஒரு சிவப்புத் திட்டு.

"பெரிய கணக்குக் கந்தோர்தான்," என்றார் என் அம்மா. "சுவரெல்லாம் கருங்காலியிலை அடிச்சிருக்கினம் போலை."

"ஓம் ஓம்," என்றார் அப்பா. "உந்த நாட்டிலை அப்பிடித்தான்."

 கொடிகாமத்து அம்மா கந்தோரைப் பார்க்கவேயில்லை, கமரா எப்போது திரும்பவும் முகத்துக்கு வரும் என்று காத்துக்கொண்டிருந்தார். வந்தது. கிட்டவாக வந்தது.

பெரியம்மா முன்னுக்குச் சாய்ந்தார்.

"கண்ணைப் பாருங்கோ."

எல்லோரும் பார்த்தோம். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. கன்னமும் மூக்கு நுனியும் சிவப்பு.

"என்ரை மனிசனுக்குக் கடைசிக் காலத்திலை இப்பிடித்தான் இருந்தது. எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை. உது குடி."

அப்பா எழுந்துபோய் டெக்கில் பொத்தானை அமுக்கினார். முகம் அப்படியே நின்றது, நடுவில் ஒரு கோடு நடுங்கிக்கொண்டு.

"என்ரை பிள்ளை உதுகளைத் தொடமாட்டான் ஐயா," என்றார் அந்த அம்மா. தம்பி என்று கூப்பிட்டவர் இப்போது ஐயா என்றார். "இஞ்சை இருக்கேக்கை தேத்தண்ணிகூடக் கேட்டுத்தான் குடிப்பான்."

"நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை அம்மா," என்றார் அப்பா. "ஆனா வீடியோ பொய் சொல்லாது. நீங்கள் பஸ்ஸுக்கு நேரமாகுதெல்லே. பிறகு அறிவிக்கிறம்."

பிறகு அறிவிக்கிறோம் என்றால் என்னவென்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். திரைக்குக் கீழே தெரிந்த விரல்கள் பின்னுக்குப் போயின. மூன்றாவதும் குழம்பினால் அக்காவுக்கு நான்காவது வராது. இரண்டு குழம்பியதற்கே ஊர் காரணம் தேடத் தொடங்கியிருந்தது.

"அது கண் இல்லை. கலர்," என்றேன் நான்.

"நீ சும்மா இரு," என்றார் அம்மா.

"எங்கடை ரீவியிலை எல்லாருக்கும் கண் சிவப்புத்தான். பிள்ளையாருக்கும் சிவப்புத்தான்."

"எடியே, அப்பரிட்டை அடி வாங்கப் போறாய்," என்றார் அம்மா.

நான் அதற்குள் ரீவிக்கு முன்னால் முழங்காலில் இருந்துவிட்டேன். எனக்குப் பயமில்லை. நான் சரி என்று எனக்குத் தெரியும். அந்தச் சிவப்புத் திட்டு என்னவென்று அதன் வடிவத்திலேயே எனக்கு முன்னமே பிடிபட்டிருந்தது. அது ஒரு கலண்டர். யாழ்ப்பாணத்துப் புடவைக்கடை ஒன்று வருசப்பிறப்புக்குக் கொடுக்கிற கலண்டர், மயிலில் முருகன் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் அதே கலண்டர், ரீவிக்கு நேர் மேலே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் யோசித்துப் பாருங்கள். எட்டுப் பட்டைகளை விடத் திறமான அளவுகோல்.

"அப்பா, மேலை இருக்கிற முருகனைப் பாருங்கோ. இதுக்குள்ளை இருக்கிற முருகனும் அதே நிறத்துக்கு வந்தால், ஆளின்ரை கண்ணும் உண்மையான நிறத்துக்கு வரும்."

அப்பா மேலே பார்த்தார். கீழே பார்த்தார். அடிக்கக் கை ஓங்கவில்லை. நான் கதவைத் திறந்து கலரை முழுதாக இறக்கினேன்.

"கிடந்த கலரையும் கெடுத்துப்போட்டாள்," என்றார் பெரியம்மா.

கலண்டரும் மாப்பிள்ளையின் தலையும் சேர்ந்து வரும் இடத்துக்கு நாடாவைப் பின்னால் ஓட்டி நிறுத்தினேன். சூரியச் சில்லைக் கூட்டினேன். தலைமயிர் இருட்டிலிருந்து பிரிந்தது. நடுச் சில்லைக் குறைத்தேன். சேட்டுக் கொலரில் மடிப்பு வந்தது. பிறகு கலர், ஒவ்வொரு பல்லாக. மயிலின் கழுத்து முதலில் நீலமானது. முருகனின் வேட்டிக் கரை பச்சையானது. கன்னத்தில் ரோசா வந்ததும் நிறுத்தினேன். மேலே பார்த்தேன். கீழே பார்த்தேன். ஒரே முருகன்.

"அது நான் அனுப்பின கலண்டர்," என்றார் கொடிகாமத்து அம்மா.

படத்தை ஓடவிட்டேன். முகம் வந்தது. மாநிறமான, கொஞ்சம் களைத்த, சாதாரண மனிதர். கண்ணின் வெள்ளை வெள்ளையாக இருந்தது. நான் திரும்பி எல்லோரையும் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் யாரையும் பார்த்ததில்லை. ஆனால் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் எல்லோரும் மாப்பிள்ளைக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கருங்காலிச் சுவர் இல்லை. நிலத்துக்குக் கீழே உள்ள அறைபோல ஒரு தாழ்ந்த இடம். சுவர் நீளத்துக்குத் தகரத் தொட்டி. தொட்டியின் இரண்டு பக்கமும் சாப்பிட்ட எச்சில் கோப்பைகள், ஆள் உயரத்துக்கு, அடுக்கடுக்காக. குழாயிலிருந்து ஆவி பறந்தது. கலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் ஈரமான ரப்பர் அங்கி ஒன்று தொங்கியது. கமரா அதையெல்லாம் ஆறுதலாகச் சுற்றிக் காட்டியது.

பெரியம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

"கணக்கு வேலைதான். எத்தினை கோப்பை எண்டு எண்ணுறது."

வெளிநாட்டுக்குப் போன பெடியள் கோப்பை கழுவுகிறார்கள் என்பது அப்போது ஊரில் பெரிய பகிடி. யாருடைய மகன் என்று மட்டும் ஒருவரும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் எல்லோருடைய மகனும் மேற்பார்வையாளர் அல்லது கணக்கர்.

"பொய் சொல்லிப்போட்டியள் அம்மா," என்றார் அப்பா.

"எனக்கும் அதைத்தான் சொன்னவன்," என்றார் அவர், திரும்பாமல்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த அம்மாவுக்கும் தெரியாது. ஐந்து வருசமாகக் கடிதத்தில் கணக்கு எழுதுகிறேன் என்று வாசித்தவர், பிறத்தியார் வீட்டில், பிறத்தியாருக்கு முன்னால், என் கையால் இதைப் பார்க்கிறார். எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. சூரியச் சில்லில் விரலை வைத்தேன். இரண்டு பல்லுக் கீழே உருட்டினால் போதும், திரும்பவும் கந்தோர் வந்துவிடும்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கமாகப் பிடித்தார்.

"விடு பிள்ளை. அஞ்சு வரியத்துக்குப் பிறகு பாக்கிறன். இருட்டாக்காதை."

பிறகு, "கையைக் காட்டு," என்றார்.

"யாற்றை கையை?"

"அவன்ரை."

மாப்பிள்ளை கையைப் பின்னால் நீட்டிய இடத்துக்கு நாடாவைக் கொண்டுபோய் நிறுத்தினேன். விரல்கள் ஊதி, நுனியில் தோல் வெளிறிச் சுருங்கியிருந்தன. நகத்தின் ஓரங்களில் வெடிப்பு. நாள்முழுக்கத் தண்ணீரில் கிடந்த கை. அந்த அம்மா தன் விரலைக் கண்ணாடியில் வைத்து அந்த வெடிப்பைத் தொட்டார். எங்கள் வீட்டில் அந்தக் கண்ணாடியைத் தொட ஒருவருக்கும் அனுமதி இல்லை. என் அம்மா தடுக்கவில்லை.

"அந்த நாலு மணி பஸ்," என்று பெரியம்மா தொடங்கினார்.

திரைச்சீலை விலகியது. அக்கா வெளியே வந்தாள். பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் கூப்பிடாமல் வெளியே வருவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அவள் என் பின்னால் வந்து நின்றாள்.

"முதலிலையிருந்து போடு."

போட்டேன். இந்த முறை ஒருவரும் கதைக்கவில்லை. இதுதான் நான் வேலை செய்யிற இடம் என்றார் அவர். வடிவாப் பாருங்கோ என்றார். தொட்டியும் கோப்பைகளும் அங்கியும் ஒவ்வொன்றாக வந்து போயின. அவருடைய குரல் கரகரத்த இடம் எதுவென்று இப்போது கேட்டது.

"அப்பா," என்றாள் அக்கா. "மறைக்க நினைச்ச மனிசன் அந்தத் தொட்டிக்கு முன்னாலை போய் நிண்டு வீடியோ எடுப்பாரோ? வெளியிலை றோட்டிலை நிண்டு எடுத்திருக்கலாம். பூந்தோட்டத்திலை நிண்டு எடுத்திருக்கலாம். கடிதத்திலை எழுத வராததைத்தான் காட்டியிருக்கிறார். நாங்கள்தான் ரியூப் எரியும் எண்டு இருட்டாக்கி வைச்சுக்கொண்டு கருங்காலி எண்டம்."

 இன்றைக்கு நினைத்தால், வீடியோ பொய் சொல்லாது என்று அப்பா சொன்னது சரிதான். மாப்பிள்ளையும் அதை நம்பித்தான் அனுப்பியிருக்கிறார். பொய் சொன்னது எங்கள் வீட்டுப் பெட்டி. அதையும் ஒருவரும் வேண்டுமென்று சொல்ல வைக்கவில்லை. ஒருவருக்குச் சிக்கனம், மற்றவருக்குப் பயம்.

"எண்டாலும் பிள்ளை," என்றார் பெரியம்மா, குரலைத் தாழ்த்தி. "கோப்பை கழுவுறவனுக்கோ?"

"நான் பத்து வயசிலையிருந்து கழுவுறன் பெரியம்மா. ஒருத்தரும் அதைக் குறையாய்ச் சொல்லேல்லையே."

கொடிகாமத்து அம்மா மெல்ல எழுந்து, முழங்காலில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டினார். கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டில் வடிந்துகொண்டிருந்தது. அக்காவை அப்போதுதான் முதன்முதலாக முழுதாகப் பார்த்தார்.

"ஊரெல்லாம் கணக்கு வேலை எண்டு சொல்லிப்போட்டன் பிள்ளை. பெருமையாய்ச் சொன்னனான். இனிப் போய் என்னெண்டு சொல்லுறது?"

"கோப்பை கழுவுறார் எண்டு சொல்லுங்கோ, மாமி."

வந்ததிலிருந்து நாங்கள் எல்லோரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டோம். அக்கா ஒருத்திதான் மாமி என்றாள். சொல்லிவிட்டு, கீழே கிடந்த கசற்றின் சீலைத் துண்டை எடுத்து நாலாக மடித்தாள்.

ரீவியில் படம் முடிந்து வெறும் புள்ளிகள் பறந்துகொண்டிருந்தன. ஒழுங்கை முனையில் நாலு மணி பஸ் ஹோர்ண் அடித்தது. அந்த அம்மா செருப்பைத் தேடினார். அப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை. என் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"இஞ்சேரும், சோத்துக்கு உலையை வையும்," என்றார். "சம்மந்தியம்மா இண்டைக்குப் போகேல்லை."